ஜப்தி செய்யும் வீட்டில் நோயாளி இருக்கிறாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தவணை தவறியவர்களின் வீடுகளுக்குச் சீல் வைக்கும் முறை குறித்து என் கண்டனத்தைத் தங்கள் இதழ் வழியாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். வங்கியில் இருப்பதும் பொதுமக்கள் போட்ட பணம்தான். ஆனால் வீட்டைப் பூட்ட வருகிறவர்கள், உள்ளே இருப்பவர்களின் உடல்நிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. அதைத்தான் எதிர்க்கிறேன்.

ஆலங்குடி பக்கம், எங்கள் தெருவிலேயே இது நடந்தது. ஒரு நிதி நிறுவனத்தின் ஆட்கள் போலீஸ் துணையோடு காலையில் வந்தார்கள். பாத்திர பண்டங்களை வாசலில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிச் சீல் வைத்து நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வீட்டு அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இன்சுலின் ஃபிரிட்ஜிலும், ஜி.எச். நோட்டு பீரோவிலும் அப்படியே மாட்டிக்கொண்டன. அந்த அம்மா தன் மகளின் ஊருக்குப் போய்விட்டார். பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் மாத்திரையோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வீடு தேடி மருந்து தரும் அரசுத் திட்டம், வீடே போனவரை எங்கே போய்த் தேடும்?

எங்கள் பகுதியில் இந்தக் கடன்களுக்குப் பின்னால் ஒரு புயலே இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா அடித்தபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்துத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கித்தான் பலர் மறுபடி எழுந்தார்கள். புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். தவணையோ அடுத்த மாதமே தொடங்கிவிடும். அதற்குள் கொரோனா ஊரடங்கும் வந்தது. அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. அதன்பின் 60 நாள் நோட்டீஸ், பிறகு சுவாதீனம், ஏலம். ஆட்சேபிக்க வேண்டுமானால் 45 நாளுக்குள் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். இங்குள்ள சிவில் நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. இத்தனை மாதமும் அந்தக் குடும்பம் தூங்குவதில்லை. பெயரும் சர்வே எண்ணும் பேப்பரில் வருகின்றன. மாத்திரை வாங்க வைத்திருந்த காசு டியூவுக்குப் போகிறது. சீல் வைக்கும் நாளுக்கு வெகு முன்பே நோய் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. அமெரிக்காவில் பிலடெல்பியா பகுதியில் வீடு பறிபோகும் நிலையில் இருந்தவர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரிடம் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. வீடுகள் அதிகமாகப் பறிமுதலான பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வருவோர் கூடியதை அந்நாட்டில் நடந்த மற்றொரு ஆய்வு காட்டியது. ஸ்பெயின் அரசு 2012 நவம்பரில், நலிந்த குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றுவதை இரண்டாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தது. பின்னர் அதை நீட்டிக்கவும் செய்தது. அங்கும் வங்கிகள் இருக்கின்றன, கடனும் இருக்கிறது.

சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வீட்டைக் கைப்பற்றித் தர மாவட்ட ஆட்சியரின் உதவியை வங்கி கோரலாம். ஆட்சியர் கடன் தகராறை விசாரிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஆணையை நிறைவேற்றும் நாளில் நோயாளியைக் கவனிக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை. குடியிருக்கும் உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

எனவே மாவட்ட நிர்வாகத்தை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: சீல் வைப்பதற்கு முன் கிராம சுகாதார செவிலியரும் கிராம நிர்வாக அலுவலரும் அந்த வீட்டுக்குப் போய், நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை, படுக்கையில் கிடக்கும் முதியவர் யாரேனும் உண்டா என்று பார்த்து எழுதித் தரட்டும். மருந்து, மருத்துவச் சீட்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றைக் கையில் கொடுத்த பிறகே கதவைப் பூட்ட வேண்டும். அவர்கள் போகும் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் போக வேண்டும். மாநில அரசு, குடியிருக்கும் ஒரே வீட்டுக்குக் கூடுதல் அவகாசம் தரும்படி சட்டத்தைத் திருத்த மத்திய அரசை வலியுறுத்த வேண்டும்.

நோட்டீஸ் வந்த குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. மனம் தளர்ந்தால் 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நோட்டீஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், வந்த அன்றே அந்த ஆணைக்குழுவுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.