விசா தரும் கடவுள்

இராஜாக்கமங்கலம் பக்கத்துத் தோழர்கள் சிலர் வளைகுடாவுக்கு "விசிட்" விசாவில் போவதும், கெடு முடியுமுன் வெளியேறி மறுபடி நுழைவதுமாகக் காலந்தள்ளுகிறார்கள். கையில் விசா இருந்தாலும், இப்படி அடிக்கடி வருகிறவரை விமான நிலையத்திலேயே திருப்பியனுப்ப அந்நாட்டு அதிகாரிக்கு உரிமையுண்டு. அப்போது வட்டிக்கு வாங்கிக் கட்டிய பணம் என்னாவது?

இதற்கும் ஒரு கடவுள்! ஐதராபாத்துக்கருகே சில்குரில் "விசா பாலாஜி". வேண்டிக்கொள்ள 11 சுற்று, பலித்தால் 108 சுற்று. (உண்டியல் கிடையாதாம், அந்தமட்டில் யோக்கியமே.) அவர் அருளிய விசாவை ஒரு குமாஸ்தா தள்ளிவிடுகிறானென்றால், இருவரில் சர்வ வல்லமையுள்ளவர் யார்?

பத்தாம் வகுப்புத் தேறாதவர் அங்கே வேலைக்குப் போவதானால், 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பெரும்பாலும் சர்க்கார் அனுமதி வேண்டும். அதைத் தாண்டுவதற்கே இந்த "விசிட்" புரட்டு. பணம் கேட்கும் ஏஜெண்டிடம் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள், தோழர்களே. வேலை விசா எங்கேயென்றும் கேளுங்கள்.