அகரவரிசை யார் பொறுப்பு?

தமிழ் கணினியேறிவிட்டது என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருக்கிறோம். 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் 2010-இல் கோவையிலும் கூடிப் பேசினோம். விசைப்பலகை, எழுத்துரு, குறியேற்றம் என்று பேசாத பொருளில்லை. ஆனால் ஒரு தரவுத்தளத்தில் ஆயிரம் தமிழ்ச் சொற்களை இட்டு, 'அகரவரிசையில் கொடு' என்று கேட்டுப் பார்த்த தமிழாசிரியர் எத்தனை பேர்? அது பொறியாளர் வேலையாம்! என் வழக்கு பொறியாளர்மேல் அன்று, என் துறையினர்மேல்தான்.

1970-இல் எட்கர் காட் வகுத்த உறவுநிலைத் தரவுத்தளத்தில் வரிகளுக்கு இயல்பான வரிசை கிடையாது. 'ஆர்டர் பை' என்று கேட்கும்போதுதான் வரிசை பிறக்கிறது. எந்த மொழியின் வரிசை என்பதையும் கேட்பவரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பல சர்வர்கள் குறியெண் வரிசையில் அடுக்கிவிடும். அப்போது 'மயில்' முன்னும் 'மனம்' பின்னும் வரவேண்டிய இடத்தில் மனம் முந்திக்கொள்ளும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டி அமர்ந்திருப்பதே காரணம். 'பக்கம்' என்ற சொல்லோ 'பகல்' என்பதற்குப் பின்னே போய் விழும். தொல்காப்பியர் மெய்யைப் புள்ளியோடு நிற்பதாகக் கண்டார். யூனிகோடோ அகரமேறிய வடிவத்தை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியைப் பின்னொட்டாக்கி, உயிர்க்குறிகளுக்கெல்லாம் அப்பால் வைத்தது.

உடனே யூனிகோடைச் சபிக்கக் கிளம்பும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறியெண் வேறு, வரிசை வேறு. ஜெர்மானியர் அகரத்தோடு சேர்த்தெண்ணும் புள்ளியிட்ட எழுத்தை ஸ்வீடன்காரர் நெடுங்கணக்கின் கடைசியில் வைக்கிறார்கள். இருவருக்கும் குறியெண் ஒன்றே. மைசீக்வல் ஸ்வீடனில் பிறந்தது. 5.7 பதிப்பு வரை, பயனர் எதுவும் சொல்லாவிட்டால் அது அடுக்கியது ஸ்வீடிஷ் வரிசையில்! அவர்கள் தம் மொழியைத் தம் பொருளுக்குள் வைத்து உலகெங்கும் அனுப்பினார்கள். 2018-இல் வந்த 8.0 பதிப்பில் செவ்வியல் இலத்தீனுக்குத் தனி வரிசை உண்டு, எஸ்பெராண்டோவுக்கும் உண்டு. செம்மொழித் தமிழுக்கு இல்லை. இதைக் கேட்டுப் பெறாதது யார் குற்றம்? போஸ்ட்கிரெஸ் 2017-இல் 10-ஆம் பதிப்பிலேயே ஐ.சி.யூ. நூலகத்தை இணைத்துத் தமிழ் வரிசைக்கு வழி திறந்துவிட்டது. வினவலில் அந்த வரிசையின் பெயரைக் குறிப்பிட்டால் போதும். குறிப்பிடச் சொல்லும் தமிழறிஞர் பக்கத்தில் இருக்க வேண்டுமே!

வரிசையாவது கண்ணுக்குத் தெரியும் பிழை. தெரியாத பிழை ஒன்று உண்டு. நாமக்கல் கவிஞர் 1888-இல் பிறந்த எங்கள் மோகனூரையே எடுத்துக்கொள்வோம். 'மோ' என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் சர்வருக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள். பழைய எழுத்துருவிலிருந்து அரைகுறையாக மாற்றிய நூற்பட்டியலில் 'மோகனூர்' என்று தேடிய மாணவன் 'பதிவு இல்லை' என்ற விடையோடு திரும்புவான். நூல் இல்லை என்றே ஆய்வேட்டில் எழுதியும் விடுவான். போஸ்ட்கிரெஸ் 2020 முதல் இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும் செயற்கூற்றைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. (இந்த ஊர்ப்பெயரில் நமக்கு நான்கு எழுத்து, சர்வருக்கு ஏழு, பைட்டுக் கணக்கில் இருபத்தொன்று. பத்தி அகலத்தைத் தீர்மானிப்பவர் எதை எண்ணினார் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?)

கல்வெட்டிலும் ஓலையிலும் பயிலும் முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் இடம்பெற்றன. அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். மைசீக்வலில் 'யுடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் புழங்கியது மூன்று பைட்டு வடிவம். அந்தக் களத்தில் இக்குறிகள் ஏறா. நிலக்கணக்கு ஓலைகளை மின்பதிப்பாக்க முனைவோர் முதல் நாளே பார்க்க வேண்டிய செய்தி இது.

1594-இல் சிதம்பர ரேவணசித்தர் முதலெழுத்து வரிசையில் நிகண்டு செய்தார். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி தந்தார். வரிசை என்பது அவர்களுக்குப் புலமைக்குரிய வேலை. நமக்கோ எழுத்தர் வேலை. பல்கலைக்கழகமோ நூலகமோ சொல்லடைவு மென்பொருள் வாங்கும்போது ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதச் சொல்கிறேன்: தமிழ் வரிசைப்படி அடுக்க வேண்டும், பதியும்போதே எழுத்து வடிவை ஒருமைப்படுத்த வேண்டும், நான்கு பைட்டுக் குறிகளையும் ஏற்க வேண்டும். அதன் கீழே தமிழ்த்துறைத் தலைவர் கையெழுத்திடட்டும். 'பகல்', 'பக்கம்' இரண்டையும் தாமே தட்டச்சிட்டுப் பார்த்த பிறகு.