ஒரு துளி சிமெண்ட்

சிமெண்ட் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு வீடு கட்டும் ஞாபகமும், அதைத் தொடர்ந்து கடன் ஞாபகமும் வருவது இயல்பு. ஆனால் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் சிமெண்ட் மூட்டையில் வருவதன்று. உள்ளங்கையில் அடங்கும் சிறு கண்ணாடிப் புட்டியில் வருவது. பார்வைக்குத் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தி விமானம், கப்பல், மோட்டார் வண்டி முதலியவற்றின் சிறு மாதிரிகளைச் செய்கிறவர்களுக்கு இதுவே உயிர்நாடி. தமிழில் இதை ‘நீர்த்த சிமெண்ட்’ என்று சொல்லலாம்.

பிள்ளைக்கு ஆசையோடு மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கித் தரும் பெற்றோர், அதை ஒட்டுவதற்கு வேண்டியதை மாத்திரம் வாங்க மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான பெட்டிகளில் அது இருப்பதில்லை. பையன் வீட்டில் அகப்பட்ட பசையை எடுத்துத் தடவுகிறான். காலையில் பார்த்தால் விமானத்தின் இறக்கை ஈரத்தில் நனைந்த காக்கையின் சிறகைப்போல் தொங்குகிறது. பெட்டி பரண்மேல் ஏறுகிறது. “இவனுக்குப் பொறுமை கிடையாது” என்று வீட்டார் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். குற்றம் பையனுடையதன்று, பசையினுடையது.

இந்தப் பொழுதுபோக்கின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். 1936-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘பிராக்’ என்னும் பெயரில் மாதிரி விமானங்கள் செய்துவந்த ஸ்தாபனத்தார், 72-ல் ஒரு பங்கு அளவான விமானங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாக வெளியிட்டார்கள். அவ்வரிசைக்குப் ‘பெங்குவின்’ என்று நாமகரணம் செய்தார்கள். பறக்காத விமானத்துக்குப் பறக்காத பறவையின் பெயர் பொருத்தந்தானே! அந்தப் பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட் என்பது. நாளடைவில் வளைந்து கோணிப்போகும் சுபாவமுள்ளது. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் பாலிஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானில் ஷிஸுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரமாக ஆரம்பித்த தமியா ஸ்தாபனம், 1960-ல் ‘யமாட்டோ’ போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாக வெளியிட்டது. அந்த ஸ்தாபனத்தின் பச்சை மூடியிட்ட 40 மில்லிலிட்டர்ப் புட்டி, இன்று மாதிரி செய்வோர் பலருடைய மேஜைமேல் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

இனி, பசைக்கும் இதற்கும் என்ன பேதம்? இலக்கணத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லுகிறோம். உபாத்தியாயர் புத்தி எங்கே போகும்! ‘மணி’ என்பதும் ‘அடித்தான்’ என்பதும் சேர்ந்தால் ‘மணியடித்தான்’ ஆகிறது. இரண்டையும் சேர்த்துவைக்க ‘ய்’ என்று ஓர் அந்நியர் நடுவில் வந்து நிற்கிறார். தச்சர் பூசும் வச்சிரம் அத்தகையது. இரண்டு பலகைகளுக்கும் இடையே மூன்றாவது பொருளாக நிற்பது. ‘அவன்’ என்பதும் ‘அடித்தான்’ என்பதும் சேரும்போதோ ‘அவனடித்தான்’ என்றாகிறது. இங்கே நடுவில் ஒருவரும் இல்லை. மெய்யும் உயிரும் தாமே கலந்துவிட்டன. நீர்த்த சிமெண்ட் செய்வது இந்த இரண்டாவது வேலை.

பாலிஸ்டைரீன் என்பது மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள், சிக்கிய நூற்கண்டு மாதிரி பின்னிக் கிடக்கும் பொருள். சிமெண்ட் அந்தச் சிக்கலுக்குள் நுழைந்து சங்கிலிகளைத் தளர்த்துகிறது. இரு துண்டுகளின் விளிம்பும் இளகி, இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கத்துச் சங்கிலியோடு பின்னிக்கொள்கிறது. பிறகு சிமெண்ட் ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சுவது பிளாஸ்டிக் ஒன்றே. கொல்லர் இரும்பை உருக்கி இணைப்பதை இங்கே நெருப்பில்லாமல் செய்கிறோம்.

பச்சை மூடிப் புட்டியில் இருப்பவை முக்கியமாக அசிடோனும் பூட்டைல் அசிடேட்டும் ஆகும். முன்னது 56 டிகிரியில் கொதிப்பது, சீக்கிரம் பறந்துவிடும். பின்னது 126 டிகிரியில் கொதிப்பது. சற்றுத் தங்கி வேலை செய்யும். துரிதமும் நிதானமும் கூடிய தம்பதிகள் போன்ற இந்தச் சேர்க்கையில்தான் அதன் குணம் இருக்கிறது. நகச்சாயத்தை அழிக்கும் திரவத்திலும் அசிடோன் உண்டே என்று சிலர் கேட்கலாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பது வழக்கம், நம்பத்தக்கதன்று. குழாய் வேலைக்குரிய பி.வி.சி. சொலூஷனோ கெட்டியானது, மெல்லிய இடுக்கில் ஓடாது.

இது எல்லாக் கடைகளிலும் அகப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. தீப்பற்றக்கூடிய திரவமாதலால் இதை விமானத் தபாலில் அனுப்பக்கூடாது. விமானப் பிரயாணிகள் தம் பெட்டியில் வைத்துக்கொண்டு வரவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை “ஒரு புட்டி வாங்கி வா” என்று கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவைக்க வேண்டாம். தரை மார்க்கமாகச் சரக்கு அனுப்பும் உள்நாட்டுக் கடையில் வாங்குவதே முறை. சிலர் மீதைல் எதில் கீட்டோன் என்னும் திரவத்தை லிட்டர் கணக்கில் வாங்கி, காலிப் புட்டியில் நிரப்பிக்கொள்கிறார்கள். வேலை நடக்கும், செலவும் குறையும். ஆனால் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் எரிதிரவத்தைச் சேமித்து வைப்பதை நாம் சிலாக்கியமாகக் கருதவில்லை.

வாங்கிய திரவம் உண்மையில் வேலை செய்யுமா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. தெர்மோகோல் என்று நாம் அழைக்கும் வெண்பலகையும் பாலிஸ்டைரீனே. அதன் உடம்பில் பெரும் பங்கு காற்று. அதன்மீது ஒரு துளி விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு குழி விழும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் இரண்டு பாடம் கற்பார்கள்: சிமெண்ட் எப்படி வேலை செய்கிறது என்பது ஒன்று, அதைத் தெர்மோகோல் கிண்ணத்தில் ஊற்றக்கூடாது என்பது மற்றொன்று.

இனி உபயோகிக்கும் முறை. முதலில் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறு நீக்கி, சிமெண்ட் இல்லாமலே பொருத்திப் பார்க்கவேண்டும். ஒட்டும் விளிம்பில் வர்ணமோ வெள்ளிப்பூச்சோ இருந்தால் சுரண்டி எடுத்துவிடவேண்டும். திரவம் பிளாஸ்டிக்கைத் தொட்டால்தான் காரியம் நடக்கும். பிறகு இரு துண்டுகளையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியிலுள்ள தூரிகையின் நுனியால் இடுக்கின் ஓரிடத்தைத் தொட்டால் போதும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் திரவம் தானே இடுக்கின் வழி ஓடிவிடும். இறக்கை போன்ற நீண்ட இடங்களில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை தொடலாம். சில விநாடிகள் கழித்து மெல்ல அழுத்தினால், இளகிய பிளாஸ்டிக் இடுக்கின் வெளியே மெல்லிய கோடாகப் பிதுங்கும். அதைத் துடைக்கலாகாது. ஒரு முழு நாள் உலரவிட்டு, உப்புக்காகிதத்தால் தேய்த்தால் இணைப்பு இருந்த இடமே தெரியாது.

எச்சரிக்கை ஒன்று. பிடிக்கும் விரல் இடுக்கின்மேல் படக்கூடாது. திரவம் விரலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஓடி, போலீஸார் விரும்பும் வண்ணம் தெளிவான ரேகையைப் பதித்துவிடும். அப்படிப் பதிந்தால் பதறித் துடைக்காமல், உலர்ந்த பின்பு தேய்த்துவிடலாம். இடைவெளி பெரிதாக இருந்தால், வெட்டி எறியும் சட்டத் துண்டுகளைச் சிறிதளவு சிமெண்டில் ஊறவைத்துக் குழம்பாக்கி அடைக்கலாம், நிறமும் ஒத்துப்போகும். கண்ணாடிபோன்ற ஜன்னல்களுக்கு மாத்திரம் நீர்த்த சிமெண்ட் ஆகாது. மங்கிவிடும், சில சமயம் மயிரிழை போன்ற விரிசலும் காணும். அவற்றுக்கு வெள்ளைப் பசையே உத்தமம். உலோகத் துண்டுகளுக்கும் பாலிதீன் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக்குக்கும் இது பிடிக்கவே பிடிக்காது.

இப்போது அபாயத்தைப் பற்றிப் பேசவேண்டும். இதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அடுப்போ, குத்துவிளக்கோ, கொசுவர்த்திச் சுருளோ எரியும் அறையில் புட்டியைத் திறக்கலாகாது. ஜன்னல் திறந்திருக்கவேண்டும். தலை கனத்தால் எழுந்து வெளியே போகவேண்டும். புட்டி கவிழாதபடி, தடித்த அட்டையில் துளை செய்து அதில் அமர்த்திவைப்பது நல்ல யுக்தி. டைகுளோரோமீதேன் சேர்ந்த சிமெண்டுகளும் உண்டு. வேகம் அதிகம்; ஆனால் உடம்பில் புகுந்தால் கார்பன் மோனாக்ஸைடு விஷமாக மாறும் குணமுள்ளது. அமெரிக்க சர்க்கார் 2024-ல் வீட்டு உபயோகத்துக்கு அதை விலக்கினார்கள். புட்டியின் சீட்டைப் படித்து அதைத் தவிர்ப்பது கடமை.

அமெரிக்க தேசத்தில் மற்றோர் அனுபவமும் உண்டு. 1959-லிருந்து அங்கே சில சிறுவர் மாதிரி ஒட்டும் பசையை மயக்கத்துக்காக முகர்வதாகப் பத்திரிகைகள் பெரிதும் எழுதின. அந்தக் குழாய்ப் பசையில் டொலுவீன் இருந்தது. கேட்டறியாத பிள்ளைகளுக்கும் இந்தக் கூக்குரலே வழிகாட்டிவிட்டது என்று எட்வர்டு பிரெச்சர் 1972-ல் எழுதினார். டெஸ்டார் என்னும் கம்பெனியார் 1969-ல் தங்கள் பசையில் கடுகு எண்ணெய்ச் சத்தைக் கலந்து, முகர்ந்தால் கண்ணும் மூக்கும் எரியும்படி செய்தார்கள்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? பயமுறுத்திப் பிரயோஜனமில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. சிறு குழந்தைகளுக்கு, ஒட்டாமலே அழுத்திப் பொருத்தும் மாதிரிகள் இருக்கின்றன. வளர்ந்த பிள்ளைக்கு நீர்த்த சிமெண்டைக் கொடுக்கும்போது, தகப்பனாரோ தாயாரோ அதே மேஜையருகில் அமர்ந்திருக்கவேண்டும். கையில் தினசரியை வைத்துக்கொண்டாவது அமர்ந்திருக்கலாம். வேலை முடிந்ததும் புட்டியை மூடி, எட்டாத இடத்தில் வைப்பது பெரியவர் பொறுப்பு.

வச்சிரம் பூசியதை வெந்நீரில் நனைத்துப் பிரித்துவிடலாம். இப்படி இணைந்ததைப் பிரிக்க முயன்றால், இணைப்பு விடாது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்தான் உடையும். ஆதலால்தான் தூரிகையை எடுப்பதற்கு முன்பு ஒரு தடவைக்கு மூன்று தடவை பொருத்திப் பார்க்கவேண்டியிருக்கிறது. இந்தப் பழக்கம் பிள்ளைகள் கையில் ஏறிவிட்டால், பெட்டிக்குக் கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம்.