தெல்தெனியவுக்கு ரயில்: முதலில் காணியைக் காப்பாற்றுங்கள்

கண்டி நகருக்குப் பிரதான நுழைவாயில்கள் மூன்று. பேராதனைப் பக்கமும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் வீதியோடு ரயில் பாதையும் உண்டு. தென்னக்கும்புரப் பக்கம் அந்தப் பாக்கியம் இல்லை. தெல்தெனிய, திகன, குண்டசாலையிலிருந்து வரும் மாணவரும் நோயாளரும் அலுவலகம் செல்வோரும் பஸ்ஸை அல்லது சொந்த வாகனத்தை நம்பித்தான் புறப்படவேண்டும். இந்த மூன்றாவது வாயிலுக்கும் ரயில் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. ஆனால் இன்றைக்கு நாம் கேட்பது ரயிலை அல்ல, அதற்கான காணியை.

கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880இலும் ரயில் வந்தது. தெல்தெனியப் பக்கம் இன்றுவரை ஒரு தண்டவாளமும் போடப்படவில்லை. ரயிலைக் கொண்டுவராத அரசு, மற்ற எல்லாவற்றையும் அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோனது. பல்லேகலையில் கைத்தொழில் வலயம் வந்தது, மாகாண சபைக் கட்டடங்கள் வந்தன, 2009இல் கிரிக்கெட் மைதானம் வந்தது. 2014இல் போகம்பறைச் சிறைச்சாலையும் அங்கேயே இடம்பெயர்ந்தது. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்க, மேட்டில் புதிய நகரம் எழுந்தது. ஒரு நகரத்தையே புதிதாக வரைந்த அந்த நாட்களில் போக்குவரத்துக்கு இடம் விடுவது சுலபமாக இருந்திருக்கும். இன்று வீதியோரமெங்கும் கடைகளும் வீடுகளும் நெருங்கிவிட்டன. ஒவ்வொரு புதிய அத்திவாரமும் நாளைய பாதையின் விலையைக் கூட்டுகிறது.

"பணம் எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022இன் பொருளாதார வீழ்ச்சியிலிருந்து நாடு இன்னும் முழுதாக மீளவில்லை. 2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளி மலையக ரயில் பாதைகளைச் சிதைத்தது. இருக்கும் பாதையைச் சீராக்குவதே முதல் கடமை. ஆனால் வரைபடத்தில் பாதையைக் குறித்து, அதன்மேல் கட்டடம் எழாமல் பார்த்துக்கொள்ளப் பெருஞ்செலவு ஆகாது. ரயில் விடுவது மத்திய அரசின் வேலைதான். கட்டட அனுமதி விடயத்தில் பிரதேச சபைக்கும் பொறுப்பு உண்டு. ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடந்த இச்சபைகளுக்கு 2025 மே மாதம் தேர்தல் நடந்தது. வடிகானும் தெருவிளக்கும் மட்டுமே தமது வேலை என்று அவை இருந்துவிடக் கூடாது.

பிந்தித் திட்டமிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை சாட்சி. கிளாம்பாக்கம் பஸ் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. புறநகர் ரயில் பக்கத்திலேயே ஓடியும் அன்று அங்கே நிலையம் இல்லை. மூட்டை முடிச்சுகளுடன் பயணிகள்தான் அலைந்தார்கள்.

எனவே குண்டசாலை, மெததும்பர, பாத்ததும்பர பிரதேச சபைகள் ஒரே மேசையில் அமரவேண்டும். ரயில்வே திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகார சபை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றையும் அழைக்கவேண்டும். மாத்தளைப் பாதை ஏற்கெனவே மகாவலியைக் கடந்து வத்தேகமவுக்குப் போகிறது. அங்கிருந்து மெணிக்கின்ன வழியாகத் திகனவுக்கும் தெல்தெனியவுக்கும் கிளைப்பாதை சாத்தியமா என்பதை முதலில் ஆராயவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளை ஆரம்பத்திலேயே விலக்கவேண்டும். நிலையம் அமையக்கூடிய இடங்களில் பஸ் தரிப்பிடத்துக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் சேர்த்தே காணி குறிக்கவேண்டும். ஹுன்னஸ்கிரிய, ரங்கல தோட்டப்பகுதி மக்கள் வந்து இறங்கி ஏற வசதியில்லாத நிலையம் யாருக்காக?

காணிச் சொந்தக்காரருக்கும் அநீதி இழைக்கக் கூடாது. முடிவின்றிக் காணியை முடக்கிவைப்பது அடாவடி. கட்டுப்பாட்டுக்குக் காலவரையறை வேண்டும். அதற்குள் முடிவெடுக்காவிட்டால் விடுவிக்கவேண்டும், காணியை எடுத்தால் உரிய இழப்பீடு தரவேண்டும்.

ரயில் வரத் தாமதமானாலும் ஒதுக்கிய நிலம் வீணாகாது. பஸ்ஸுக்கான தனிவழியாக அது பயன்படும். தேர்தல் மேடைகளில் ரயில் விடுவது எளிது. சபைகள் செய்யவேண்டியது வேறு: இவ்வாண்டுக்குள் பாதை ஆய்வுக்கான தீர்மானத்தை நிறைவேற்றி, வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைப்பது. அதைச் செய்யாத சபைக்கு நாளை வாகன நெரிசலைப் பற்றிப் பேச உரிமையில்லை.