ஐசியு மானிட்டரில் 92 காட்டினால் ஆபத்தா? ஆக்சிஜனை ஏற்ற டாக்டர்கள் ஏன் யோசிக்கிறார்கள்?

பசுவந்தனையில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் 108-க்கு போன் போட்டு, முதலில் போவது கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குத்தான். நிலைமை மோசம் என்றால் அங்கிருந்து தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பின்னாலேயே பஸ் மாறி வந்து ஐசியு வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு, உள்ளே நடப்பதில் புரிகிற ஒரே விஷயம் மானிட்டரில் தெரியும் ஆக்சிஜன் நம்பர். அது 92 என்று காட்டும். "பக்கத்து பெட்டுல 99 இருக்கு, எங்க அப்பாவுக்கு மட்டும் ஏன் கூட்டி வைக்க மாட்டேங்கறீங்க?" என்று கேள்வி கிளம்பும். சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்து, கடன் வாங்கி வேறு மருத்துவமனைக்கு மாற்றுகிறவர்களும் உண்டு.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜனுக்கு நாடே அலைந்தது. 2018 முதல் மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க, அந்த ஆண்டு ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வந்தது. '94-க்கு கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு' என்பது மனதில் பதிந்துபோனது.

ஆனால் அந்த 94, வீட்டில் சாதாரண காற்றைச் சுவாசிப்பவருக்கான எச்சரிக்கை மணி. ஏற்கெனவே ஆக்சிஜன் கொடுக்கப்படும் நோயாளிக்கு டாக்டர் வைக்கும் இலக்கு வேறு. அதே 2021-ல் மத்திய அரசின் கொரோனா சிகிச்சை வழிகாட்டுதலிலேயே அந்த இலக்கு 92 முதல் 96 என்றுதான் இருந்தது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி உள்ளவர்களுக்கு 88 முதல் 92 தான்.

100 இருந்தால் நல்லதுதானே?

கோவில்பட்டி போகிற டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பஸ், ஆக்சிஜன் பயணிகள். 92 என்றால் 100 சீட்டில் 92 நிரம்பிவிட்டது. 100 என்றால் பஸ் ஃபுல். அதற்கு மேல் ஸ்டாப்பில் 5 பேர் நிற்கிறார்களா, 500 பேர் நிற்கிறார்களா என்பது விரலில் மாட்டும் கருவிக்குத் தெரியாது. ஆக்சிஜனை மேலும் மேலும் திறந்தாலும் நம்பர் 100-லேயே நிற்கும். உள்ளே தேவைக்கு மிஞ்சிய ஆக்சிஜன் நுரையீரலைப் புண்ணாக்கலாம், ரத்தக் குழாய்களைச் சுருக்கலாம்.

சிஓபிடி நோயாளிகளுக்கு இது இன்னும் சிக்கல். ஆக்சிஜன் அதிகமானால் அவர்கள் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கி, மயக்க நிலைக்கே போகலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் மூச்சுத்திணறலோடு வந்த 405 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. அளவில்லாமல் ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம். ஆயுசு முழுக்க விறகடுப்புப் புகையிலும் பீடிப் புகையிலும் இருந்தவர்கள் நிறைந்த ஊர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

அப்படியென்றால் குறைவாக வைத்தால் உயிர் பிழைப்பது கூடுமா?

அதுவும் இல்லை. 2016-ல் வந்த இத்தாலி ஆய்வு அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்தது. ஆனால் அது பாதியில் நிறுத்தப்பட்ட சின்ன ஆய்வு. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. 2025 ஜூனில் வெளியான பிரிட்டனின் யுகே-ராக்ஸ் ஆய்வில் 97 ஐசியுக்களில் வென்டிலேட்டரில் இருந்த சுமார் 16,500 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு இலக்கு 90, இன்னொரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. 90 நாளுக்குள் இறந்தவர்கள் 35.4 சதவீதம், 34.9 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் முதல் குழுவுக்குக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜன் சுமார் 29 சதவீதம் குறைவு.

90-களின் தொடக்கத்தில் இருப்பது, அதை மட்டும் வைத்துப் பார்த்தால், அலட்சியத்தின் அடையாளம் இல்லை என்பதே இதன் பொருள்.

அதற்காக பிரிட்டனின் 90-ஐ அப்படியே இங்கே கொண்டுவருவதும் சரிப்படாது. காரணம், தோலின் நிறம். 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே கருப்பினத்தவரில் சுமார் 12 சதவீதம் பேருக்கு உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் அது 4 சதவீதத்துக்கும் குறைவு. கரிசல் வெயிலில் வேலை செய்து கறுத்த விரலில் மாட்டும்போதும் இந்தச் சந்தேகம் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் குறைந்து விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் நம்பர் தடுமாறும். அதனால்தான் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து ஏபிஜி பரிசோதனை செய்கிறார்கள். வலிக்கும்தான், ஆனால் உண்மையான கணக்கு அதில்தான் தெரியும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மூடிய அறையில் புகையில் சிக்கியவர்களுக்கு கார்பன் மோனாக்ஸைடு ஏறியிருந்தால், கருவி 100 காட்டினாலும் நம்பக்கூடாது. அவர்களுக்கு உயர் அளவில் ஆக்சிஜன் உடனே வேண்டும். நேர்மாறாக, பாராகுவாட் களைக்கொல்லி உடலுக்குள் போனவர்களுக்கு ஆக்சிஜனே நுரையீரல் பாதிப்பைக் கூட்டும். பிரிட்டன் வழிகாட்டுதலில் அவர்களுக்கான இலக்கு 85 முதல் 88 தான். விவசாயக் குடும்பத்தினர் ஐசியு வாசலில் இதைக் கேட்டு அதிர்ச்சியடைவது இயல்பு. என்ன மருந்து என்று தெரிந்தால், அந்த டப்பாவை டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

"ஏன் 92?" என்பதைவிட, "இவருக்கு இலக்கு எவ்வளவு வச்சிருக்கீங்க? கடைசியா ஏபிஜி எப்ப எடுத்தீங்க? நேத்தைவிட ஆக்சிஜன் கூடுதலா தேவைப்படுதா?" என்று கேட்டால் நிலைமை தெளிவாகும். 40 சதவீத ஆக்சிஜனில் 92 இருப்பதும், 80 சதவீத ஆக்சிஜனில் 92 இருப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது நபருக்குத்தான் நோய் முற்றியிருக்கிறது, மானிட்டரில் நம்பர் ஒன்றாகத் தெரிந்தாலும். இலக்கைவிட நம்பர் இறங்கிக்கொண்டே போனாலோ, நோயாளி குழப்பமாகப் பேசினாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, தயங்காமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.