ஒரே நோய், மருந்து ஏன் வேறு?

"பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் இதே நோய்தானே? அவருக்குக் கொடுக்கும் மருந்தை நமக்கு ஏன் கொடுக்கவில்லை?" ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் புற்றுநோய் நுழைந்தால், கூடவே நுழையும் கேள்வி இது. நியாயமான கேள்வியே, விடையும் உண்டு.

நெய்யாற்றுப் பாசனக் கால்வாயை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஒரு மடையை அடைத்தால், கிளை வாய்க்கால் உள்ள இடத்தில் நீர் அதன் வழியே பாய்ந்துவிடும். உயிரணுவும் அத்தகையதே. 'வளர்க' என்னும் கட்டளையைப் புரதங்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றும் வழிகள் அங்கே வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன.

'பிராஃப்' என்னும் மரபணுவில் நேரும் ஒரே மாறுதல், மெலனோமா என்னும் தோல் புற்றுநோயிலும் பெருங்குடற் புற்றுநோயிலும் சிலரிடம் காணப்படுகிறது. அதனைத் தடுக்கும் மருந்து முன்னதில் நற்பயன் தந்தது. பின்னதில் தனித்து அளித்தபோது பெரிதும் பயன்படவில்லை. காரணத்தை 2012-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். குடற்புற்றணுவில் அவ்வழி அடைபட்டதும் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்னும் வேறொரு புரதம் விழித்தெழுந்து கட்டளையை மீண்டும் செலுத்துகிறது! இரண்டையும் ஒருங்கே தடுக்கும் மருந்துக் கூட்டுக்கு 2020-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இவ்வலையை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே ஆராயும் முயற்சி நம் நாட்டிலும் நடைபெறுகிறது. நோயை உந்தும் மரபணுக்கள் எவை என்று ஆளுக்கு ஆள் கணித்துக் கூறும் 'பிவட்' என்ற கணினிக் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் 2022-இல் வெளியிட்டனர். மார்பகம், பெருங்குடல், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களை அது ஆராய்கிறது. மார்பகப் புற்றுநோயாளர் 480 பேரின் திசுக்களை ஆராய்ந்து பெற்ற மரபணுத் தொகுப்பை அந்நிறுவனமே 2025-இல் வெளியிட்டது.

இத்தகைய கணிப்புகள் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்து முயற்சிகளே. ஆயினும் சில புற்றுநோய்களில் குறிப்பிட்ட மரபணுக்களைச் சோதித்து மருந்தைத் தேர்வது இன்று வழக்கத்துக்கு வந்துவிட்டது.

ஆகவே, குடும்பத்தார் செய்யவேண்டுவன மூன்று. திசுப் பரிசோதனை அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் அவை கையில் இருக்கட்டும். மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுமுன், "இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரைக் கேளுங்கள், மாறாதெனில் அதற்காகக் கடன்படவேண்டியதில்லை. பிறருடைய மருந்துச் சீட்டைப் பார்த்து மனம் வெதும்பி, தொடங்கிய சிகிச்சையை இடையில் நிறுத்திவிடாதீர்கள். நோயின் பெயர் ஒன்றாயினும், அது செல்லும் வழி ஆளுக்கு ஆள் வேறாகலாம்.