காட்டு ஈஸ்டும் காஞ்சிபுரம் இட்லியும்

1/ போன வாரம் ஒரு நெசவாளர் ஐயா வந்திருந்தார். பத்து வருஷமா சர்க்கரை நோய். நாள் முழுக்கத் தறிக்குழியில உட்கார்ந்தே வேலை. சாப்பிட்ட பிறகு பார்த்த சர்க்கரை 290.

"என்னய்யா சாப்பிடறீங்க?"

"இட்லியை விட்டுட்டேன் சார். பையன் ஆன்லைன்ல சவர்டோ பிரெட் வரவழைக்கிறான். ஈஸ்ட் போடாததாம், சுகர் ஏறவே ஏறாதாம். காலைல நாலு துண்டு, ராத்திரி நாலு துண்டு."

இட்லிக்குப் பேர் போன ஊர்ல இட்லியை விட்டுட்டு இதைச் சாப்பிடறார். அதனாலதான் இந்தப் பதிவு.

2/ சவர்டோன்னா என்ன? கடை ஈஸ்ட் சேர்க்காம, மாவும் தண்ணியும் கலந்து தானா புளிக்க விட்டுச் செய்யற பிரெட். "ஈஸ்ட் இல்லாதது"ன்னு சொல்றது தப்பு. அதுல இருக்கறதும் ஈஸ்ட்தான், காட்டு ஈஸ்ட். கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாவும் இருக்கும். பெரும்பாலும் அந்த மாவிலேயே ஒட்டிக்கிட்டு வர்ற கிருமிகள்தான் இவை.

கடை ஈஸ்ட் கெமிக்கல்னு பயப்படறவங்களுக்கும் சொல்றேன்: அதுவும் உயிருள்ள பூஞ்சைதான். ஒரே இனமா வளர்த்து, காயவைச்சு, பொட்டலம் போட்டு விக்கறாங்க. அவ்வளவுதான்.

3/ இது நமக்குப் புதுசா? நம்ம வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதத்தைப் பாருங்க. அரிசி, உளுந்து மாவைப் புளிக்க வைச்சு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில ஊத்தி மணிக்கணக்கா ஆவியில வேக வைக்கறாங்க. அந்த மாவுக்கு யாரும் ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் போடறதில்லை.

1965-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இட்லி மாவை ஆராய்ஞ்சு, அதைப் பொங்க வைக்கிறது முக்கியமா 'லூக்கோனாஸ்டாக்' என்கிற பாக்டீரியான்னு எழுதினாங்க. பிரெட்டுல பொங்க வைக்கிற வேலையைப் பெரும்பாலும் ஈஸ்ட் செய்யுது, புளிப்பைப் பாக்டீரியா தருது. அந்த வாயுவைப் பிடிச்சு வைக்க அங்கே கோதுமையின் குளூட்டன், இங்கே உளுந்தின் வழவழப்பு. முறை ஒண்ணு, தானியம் வேற.

4/ காட்டு ஈஸ்டே வேணும்னாலும் நம்மகிட்ட இருக்கு. பனங்கள்ளு பொங்கறது காட்டு ஈஸ்டாலதான். யாழ்ப்பாணத்துல அப்ப மாவுக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிற வழக்கம் உண்டு. பதநீர் இறக்கும்போது பானைக்குள்ள சுண்ணாம்பு தடவுறாங்களே, எதுக்கு? அந்த ஈஸ்டை வளரவிடாம தடுக்கத்தான். நுண்ணுயிர்ப் பாடம் படிக்காத பனையேறிக்கு அது கைவந்த விஷயம்.

5/ வீட்ல செஞ்சு பார்க்க ஆசையா? தாராளமா செய்யுங்க.

கண்ணாடி பாட்டில்ல மில்லில் அரைச்ச முழுக் கோதுமை மாவு 50 கிராம், கொதிச்சு ஆறின தண்ணி 50 மில்லி. கலக்கி, மூடியை இறுக்காம வையுங்க. தினமும் அதுல 50 கிராம் மட்டும் வைச்சுக்கிட்டு, அதே அளவு மாவும் தண்ணியும் புதுசா சேருங்க.

இரண்டாம் நாளே நுரைக்கும். ஏமாறாதீங்க, அது வேற பாக்டீரியா. மூணு, நாலாம் நாள் அடங்கிடும். நிறைய பேர் இங்கேதான் கொட்டிடறாங்க. விடாம தொடருங்க. புளிப்பு ஏறின பிறகுதான் ஈஸ்ட் தலைதூக்கும். ஏழு முதல் பத்து நாள்ல, மாவு சேர்த்த சில மணி நேரத்துல இரண்டு மடங்கு பொங்கினா தயார். நம்ம சித்திரை வெயிலுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை மாவு மாத்த வேண்டியிருக்கும்.

6/ டாக்டரா சில எச்சரிக்கைகள்: இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறக் கோடு வந்தாலோ, பஞ்சு மாதிரி பூசணம் பிடிச்சாலோ மேல்பகுதியை மட்டும் வழிச்சுப் போடாதீங்க. மொத்தத்தையும் கொட்டிடுங்க. பச்சை மாவை நாக்குல வைச்சுப் பார்க்காதீங்க. முதல் வாரம் எடுக்கற மாவு குப்பைக்கு. நல்லா தயாரான பிறகு மிஞ்சற மாவுல கோதுமை தோசை ஊத்தலாம்.

7/ இப்போ விளம்பரங்களுக்கு வர்றேன்.

"சுகர் ஏறாது": புளிப்பு அமிலம் மாவுச்சத்து செரிக்கிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனா மாவுச்சத்து எங்கேயும் போயிடலை. எட்டு துண்டு சாப்பிட்டா எட்டு துண்டுக்கான சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

"குளூட்டன் இல்லை": இது ஆபத்தான பேச்சு. கோதுமையில செஞ்ச சவர்டோவுல குளூட்டன் இருக்கு. சீலியாக் நோய் உள்ளவங்க இதைத் தொடவே கூடாது.

"ப்ரோபயாட்டிக்": அடுப்புச் சூட்டுல அந்தக் கிருமிகள் செத்துடும். இட்லிக்கும் இதே கதைதான்.

உண்மையான நன்மை ஒண்ணு: புளிக்கும்போது ஃபைட்டேட் குறையறதால இரும்புச்சத்து, துத்தநாகம் உடம்புல நல்லா சேரும். அந்த நன்மை இட்லி மாவுலயும் இருக்கு.

8/ ஐயாவுக்கு நான் சொன்னது: "மாத்திரையை நிறுத்தாதீங்க. இரண்டு இட்லி, காய் நிறைய போட்ட சாம்பார், ஒரு கிண்ணம் சுண்டல். இரண்டு மணி நேரம் கழிச்சு சர்க்கரை பாருங்க. இன்னொரு நாள் இரண்டு துண்டு பிரெட், அதே சாம்பாரோட. அன்னிக்கும் பாருங்க. எது ஒத்துக்குதுன்னு உங்க ரத்தமே சொல்லும்."

சவர்டோ நல்ல உணவு. பொறுமையா வீட்ல செஞ்சு, சூடா இரண்டு துண்டு சாப்பிடறது தனி சந்தோஷம். அது மருந்து இல்லை, அவ்வளவுதான். மருந்துன்னு சொல்லி யாராவது வித்தா, பர்ஸை மூடி வையுங்க.

உங்க வீட்ல சர்க்கரை நோயாளி இருந்தா இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க.